சைக்கிள் கேள்வி-பதில்: புது ஹார்ட்டெயிலா, பழைய ஃபுல் சஸ்பென்ஷனா?

கேள்வி: உயரம் 171 செ.மீ., எடை 74 கிலோ. வார நாட்களில் விடியற்காலை தார் ரோட்டில் 15 கி.மீ. ஓட்டுகிறேன். ஞாயிறு என்றால் மேடவாக்கம் தாண்டி ஏரிக்கரைகள், கிரஷர் பக்கத்து ஜல்லிப் பாதைகள். வருடத்துக்கு மூன்று நான்கு முறை ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் போவேன். ஹெல்மெட் உட்பட எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய்தான் இருக்கிறது. இரண்டு ஆல்-மவுண்டன் சைக்கிள்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கடையில் புதிது, 56,000 ரூபாய்: அலுமினிய ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்), 29 இஞ்ச் சக்கரம், 120 மி.மீ. ஏர் ஃபோர்க் (காற்றால் அமுங்கும் முன் சஸ்பென்ஷன்), முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 10 கியர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது). இன்னொன்று செகண்ட் ஹேண்ட், 2015 மாடல், 55,000 ரூபாய்: முன்னும் பின்னும் 150 மி.மீ. சஸ்பென்ஷன், 27.5 இஞ்ச், 2×10 கியர். ஃபோர்க்கில் லேசாக எண்ணெய் கசிகிறது. "அது சாதாரணம்தான்" என்கிறார் விற்பவர். என் மனசு இரண்டாவதில்தான் இருக்கிறது. எதை வாங்கலாம்?
(மேடவாக்கம் வாசகர்)

பதில்: புதிய ஹார்ட்டெயிலை வாங்குங்கள். மனசு ஏன் இரண்டாவதில் நிற்கிறது என்பது புரிகிறது. 150 மி.மீ. அமுங்குகிற வண்டியில் ஒரு தடவை பாறைச் சரிவில் இறங்கினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் உங்கள் கையிலுள்ள பணத்தில் அந்த வண்டியை வாங்க முடியுமே தவிர, வைத்துக் காப்பாற்ற முடியாது.

பெயரை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். மலையில் மிதித்தே ஏறி, கரடுமுரடான பாதையில் இறங்குவதற்கான வண்டிதான் ஆல்-மவுண்டன். சஸ்பென்ஷன் 140 முதல் 160 மி.மீ. வரை இருக்கும். கிராஸ்-கன்ட்ரிக்கு 100 முதல் 120, டவுன்ஹில்லுக்கு 200. அந்தக் கணக்கில் உங்கள் 120 மி.மீ. ஹார்ட்டெயிலை டிரெயில் வண்டி என்று சொல்வதே சரி. நீங்கள் போகும் பாதைகளுக்கு அது தாராளம். நம் ஏரிக்கரைகளில் உடம்பை உலுக்குவது மழையில் மாடு மிதித்துப் பிறகு காய்ந்து இறுகிய குளம்புப் பள்ளங்கள்தான். ஒவ்வொன்றும் மூன்று நான்கு விரற்கடை ஆழம், அடுத்தடுத்து நூற்றுக்கணக்கில் வரும். அதை விழுங்க வேண்டியது டயர், 150 மி.மீ. ஷாக்குக்கு அங்கே வேலையே இல்லை. 29 இஞ்ச் சக்கரத்தில் 2.3 இஞ்ச் அகல டயர் போட்டு காற்றைக் குறைத்து வைத்தால் பாதி குலுக்கல் போய்விடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் தார் ரோடுதான். பின்பக்க ஷாக் அங்கே ஏறும்போது உங்கள் மிதியில் ஒரு பங்கைத் தின்னும், அவ்வளவே.

இப்போது அந்த 2015 வண்டியின் செலவுக் கணக்கு. ஏர் ஃபோர்க்கின் கீழ்க் கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றிச் சுத்தம் செய்வது 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்றும், டாம்பர் (துள்ளலை அடக்கும் பகுதி) உட்பட முழு சர்வீஸ் 200 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றும் ராக்‌ஷாக்ஸ் என்கிற ஃபோர்க் கம்பெனி பல ஃபோர்க்குகளுக்குச் சொல்லிவந்திருக்கிறது. பின் ஷாக்கின் காற்று அறைக்கும் (ஏர் கேன்) கிட்டத்தட்ட அதே கணக்கு. ஞாயிறு சவாரியை மட்டும் எடுத்தாலே உங்களுக்கு வருடம் 100 மணி நேரம் வந்துவிடும். கசிகிற ஃபோர்க் அந்த சர்வீஸைத் தவறவிட்டிருக்கிறது என்றுதான் பொருள். ஃபோர்க்கின் கம்பிக் காலில் (உள்ளே சரியும் பளபளப்பான குழாயில்) மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் பரவாயில்லை. விரலால் தொட்டால் வழிகிறது, அல்லது நாலு தடவை அமுக்கியதும் காலைச் சுற்றி வளையமாக எண்ணெய் நிற்கிறது என்றால் சீல் (எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. சீலுக்கு அதிக விலை இல்லை. சீல் போன பிறகும் மாதக்கணக்கில் ஓட்டியிருந்தால் உள்ளே மண் ஏறி, கம்பிக் காலின் மேல்பூச்சைத் தேய்த்திருக்கும். பூச்சு தேய்ந்த காலுக்கு எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது. மேல் தொகுதியையே மாற்ற வேண்டும், இத்தனை பழைய மாடலுக்கு அதைத் தேடி அலைய வேண்டும்.

அளவுகள் மாறிப்போனது அடுத்த சிக்கல். அந்தக் காலத்து வண்டிகளில் முன் ஆக்சில் (சக்கர அச்சு) 15×100 மி.மீ., பின் ஆக்சில் 12×142. இன்று மலைச் சைக்கிளில் பொதுவாக வருவது பூஸ்ட் என்கிற 15×110-ம் 12×148-ம். பின் ஷாக் இஞ்ச் கணக்கில் உருவான 200×57 மி.மீ. போன்ற பழைய அளவாக இருக்கும்; 2016-க்குப் பிறகு வந்த மெட்ரிக் அளவு ஷாக் அந்த இடத்தில் உட்காராது. ஒரு சக்கரம் கோணி உடைந்தாலோ ஷாக் செத்தாலோ மாற்றுப் பொருளுக்கு நீங்கள் பெங்களூரு, மும்பை என்று விசாரித்துக்கொண்டிருப்பீர்கள். வண்டி வீட்டில் நிற்கும்.

பின்பக்கம் ஆடும் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் சீல்டு பேரிங் இருக்கிறது. சென்னையின் உப்புக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் அவை துருப்பிடித்துக் கரகரக்கும். கூடவே அலுமினிய போல்ட் இறுகிப்போயிருந்தால் பேரிங்கைக் கழற்றும் வேலையில் இணைப்பே கெட்டுப்போகலாம். 55,000 கொடுத்தபின் உங்களிடம் 10,000 மிச்சம். அதில் ஃபோர்க், ஷாக், பேரிங், செயின், கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி), பிரேக் பேட், ஹெல்மெட் எல்லாம் பார்க்க முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று தோன்றினால், இதை மட்டும் செய்யுங்கள். சீட்டைப் பிடித்துப் பின் சக்கரம் தரையை விட்டு எழும் அளவுக்கு மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். சக்கரம் எழுவதற்கு முன் 'டக்' என்று ஒரு தட்டல் கையில் தெரிந்தால் இணைப்பில் ஆட்டம். நகத்தை ஃபோர்க் கால்களின் மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். பின்னர் வண்டியைக் கவிழ்த்து, டவுன் டியூப் (சாய்ந்த கீழ்க் கம்பி) ஹெட் டியூபோடு (ஹேண்டிலுக்குக் கீழே உள்ள குட்டைக் குழாயோடு) சேரும் வெல்டிங்குக்குக் கீழே ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். தலைமுடி போல ஒரு கோடு, அதன் ஓரத்தில் பெயின்ட் உப்பியிருந்தால் அது விரிசல். ஃப்ரேம் வாரன்ட்டி பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான்.

இனி புது வண்டிக்கு வருவோம். பணம் குறைவாக இருக்கும்போது பிற்பாடு மாற்ற முடியாதவற்றுக்கு முதலில் பணம் கொடுக்க வேண்டும். டயர், பெடல், ஹேண்டில்பார், ஏன் கியரைக்கூடத் தேயத் தேய மாற்றிக்கொள்ளலாம். ஃப்ரேமை மாற்ற முடியாது. எனவே கடையில் கியர் எண்ணிக்கையைக் கேட்பதை விட்டுவிட்டு ஃப்ரேமைப் பாருங்கள். ஹெட் டியூப் மேலே ஒல்லியாகவும் கீழே பருமனாகவும், அதாவது டேப்பர்டாக இருக்கிறதா? இருந்தால் நாளைக்கு நல்ல ஃபோர்க் போட வழி உண்டு. மேலும் கீழும் ஒரே 28.6 மி.மீ. தண்டுக்கான நேர் ஹெட் டியூப் என்றால் இன்று வரும் நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை அதில் சேராது. முன் ஆக்சில் த்ரூ ஆக்சிலா (ஃபோர்க்கினூடே செருகித் திருகும் தடித்த அச்சு), குவிக் ரிலீஸா (லீவரால் இறுக்கும் ஒல்லி அச்சு)? 120 மி.மீ. ஃபோர்க்குக்கு த்ரூ ஆக்சில் இருந்தே தீர வேண்டும். பின்னால் குவிக் ரிலீஸ் இருந்தால் இந்த விலைக்குப் பொறுத்துக்கொள்ளலாம். சீட் போஸ்ட் 30.9 அல்லது 31.6 மி.மீ. என்றால் பிற்பாடு டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை இறக்க உதவும் தண்டு) போடலாம்; 27.2-க்குக் கிடைப்பது குறைவு. ரிம் டியூப்லெஸுக்கு (உள்ளே டியூப் இல்லாத டயருக்கு) ஏற்றதா என்றும் கேளுங்கள்.

அப்படியே பின் டீரெய்லரின் (கியர் மாற்றும் கருவியின்) கூண்டைக் கையால் முன்னோக்கி இழுத்துப் பாருங்கள். விறைப்பாக எதிர்த்தால் உள்ளே கிளட்ச் இருக்கிறது, பள்ளத்தில் செயின் துள்ளிக் கழன்றுவிடாது. தளதளவென்று வந்தால் கிளட்ச் இல்லை. முன்னால் ஒரே பல்சக்கரம் உள்ள வண்டிக்கு அது பெரிய குறை.

அளவை ஸ்டிக்கரில் உள்ள எழுத்தை நம்பி எடுக்காதீர்கள். 171 செ.மீ. உயரத்துக்குப் பெரும்பாலான கம்பெனிகளில் 'எம்' சரியாக வரும். ஆனால் ஒரே 'எம்' கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு காலையும் ஊன்றி மேல் கம்பிக்கு மேல் நின்றால் நாலு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். பெடல் மேல் எழுந்து நின்று ஓட்டிப் பார்க்கும்போது முழங்கால் ஹேண்டிலில் இடிக்கக் கூடாது. பில்லில் ஃப்ரேம் எண் எழுதி வாங்குங்கள். சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய ஸ்டாக் என்றாலும் வரி 5 சதவீதம்தான்.

மிச்சம் 9,000 ரூபாயில் முதல் செலவு ஹெல்மெட். அடுத்தது அளவுமானி வைத்த தரைப் பம்ப், பிறகு ஃபோர்க்குக்கான ஷாக் பம்ப், டியூப்லெஸ் டேப், வால்வு, சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்). கூடவே அந்த ஃப்ரேமுக்கே உரிய, டீரெய்லரை ஃப்ரேமோடு இணைக்கும் ஹேங்கர் ஒன்று. ஹேங்கர் சின்ன அலுமினியத் துண்டுதான், கீழே விழுந்தால் ஃப்ரேம் தப்பிக்க அதுதான் வளையும். ஆனால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வடிவம் வேறு. ஏலகிரிப் போக்கில் அது உடைந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது. வண்டி வாங்கும் அன்றே வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஃபோர்க்கை உங்கள் எடைக்கு அமைக்க வேண்டும். கால் மணி நேர வேலை. ஃபோர்க் காலில் ஒட்டியுள்ள அட்டவணையில் உங்கள் எடைக்கு உரிய அளவுக்குக் காற்று அடியுங்கள். ஐந்தாறு முறை மெதுவாக ஆழமாக அமுக்கி விடுங்கள். உள்ளே இரண்டு அறைகளுக்கும் காற்று பிரிவதால் அளவு கொஞ்சம் இறங்கும், திரும்பவும் நிரப்புங்கள். பம்ப்பைக் கழற்றும்போது 'உஸ்' என்று வருவது குழாயிலுள்ள காற்று, ஃபோர்க்கின் காற்று இல்லை. அதற்குப் பயந்து கூடுதலாக அடிக்க வேண்டாம். பிறகு ஹெல்மெட், தண்ணீர்ப் பையோடு வண்டியில் ஏறி, பெடலில் எழுந்து நில்லுங்கள். சுவரில் தோளைச் சாய்த்துக்கொள்ளலாம். ஃபோர்க் காலிலுள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, குதிக்காமல் இறங்கிப் பாருங்கள். வளையம் சுமார் 24 மி.மீ. மேலே நின்றால் சரி, அது 120-இல் 20 சதவீதம். 30 சதவீதம் வைக்கச் சொல்பவர்கள் ஃபுல் சஸ்பென்ஷன் பழக்கத்தில் சொல்வார்கள். ஹார்ட்டெயிலில் முன்பக்கம் மட்டும் தணிவதால் வண்டி மூக்கு குத்தினாற்போல் ஆகி, இறக்கத்தில் கை நடுங்கும்.

டியூப்லெஸ் போட்டால் உங்கள் எடைக்கு முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ.யில் (காற்றழுத்த அளவு) ஆரம்பியுங்கள். ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் வந்தால் இரண்டு இரண்டாகக் கூட்டுங்கள். வார நாள் தார் ரோட்டுக்கு 30 முதல் 35.

ஒன்று மறக்க வேண்டாம். வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் சைக்கிளோடு நுழைவது குற்றம். ஜவ்வாது மலையிலும் காட்டுப் பாதைக்கு முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

கேள்வி: பட்ஜெட் 25,000 ரூபாய். உயரம் 158 செ.மீ., எடை 52 கிலோ. தினமும் அண்ணா நகர் வரை வேலைக்கு, விடுமுறையில் புழல் பக்கம். ஒரே விலையில் இரண்டு 27.5 இஞ்ச் சைக்கிள்கள். ஒன்றில் 21 கியர், 100 மி.மீ. ஸ்பிரிங் ஃபோர்க், வயர் டிஸ்க் பிரேக். இன்னொன்றில் 9 கியர்தான், 80 மி.மீ. ஸ்பிரிங் ஃபோர்க், ஆனால் ஹைட்ராலிக் டிஸ்க். 21 கியர் உள்ளதுதானே நல்லது என்கிறார் கடைக்காரர்.
(பெரம்பூர் வாசகி)

பதில்: 9 கியர் வண்டியை எடுங்கள். பல் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

21 கியர் வண்டிகளில் பொதுவாக முன்னால் 42, 34, 24 பல். பின்னால் 14 முதல் 28 வரை. மிக இலகுவான கியர் 24-ஐ 28-ஆல் வகுத்தால் 0.86. ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 1.84 மீட்டர் நகரும். 9 கியர் வண்டியில் முன்னால் 32, பின்னால் 11 முதல் 42 வரை என்றால் இலகுவானது 0.76, ஒரு சுற்றுக்கு 1.64 மீட்டர். மேட்டில் இதுதான் இலகு. வேகமான பக்கம் பார்த்தால் 42-ஐ 14-ஆல் வகுக்க 3.0, 32-ஐ 11-ஆல் வகுக்க 2.9. தார் ரோட்டில் இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியாது. ஆக 9 கியரின் வீச்சு 21-ஐ விட அதிகம். அந்த 21-இல் பல ஒன்றோடொன்று கிட்டத்தட்டச் சமம், சில செயின் கோணலாக ஓடுவதால் பயன்படுத்தவே கூடாதவை. கடையில் பல் எண்ணிக்கையை எண்ணிப் பார்த்து இதே வகுத்தலைச் செய்யுங்கள்.

இதைவிட முக்கியமானது பின் சக்கரத்துக்குள் இருக்கிறது. பின்னால் 7 பல்சக்கரம் உள்ள இந்த 21 கியர் வண்டிகளில் பெரும்பாலும் மரை போட்டுத் திருகும் ஃப்ரீவீல்தான். அதில் வலப்பக்க பேரிங் பல்சக்கரங்களுக்கு உட்புறம் தள்ளி உட்காரும், அதற்கு வெளியே ஆக்சில் தாங்கலின்றி நீண்டிருக்கும். ஸ்பீடு பிரேக்கர், பள்ளம் என்று குதிக்கக் குதிக்க ஆக்சில் வளையும், ஒருநாள் உடையும். கேசட் போடும் ஃப்ரீஹப்பில் பேரிங் ஓரத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. கண்டுபிடிப்பது எளிது: பின் பல்சக்கரங்களைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் கருவி மாட்டும் பள்ளம் உள்ள வளையமும் சேர்ந்து சுற்றினால் கேசட். அது அசையாமல் பற்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல்.

ஃபோர்க்கில் 100 என்று எழுதியிருப்பதும் உங்களுக்குப் பயன்படாது. மலிவான ஸ்பிரிங் ஃபோர்க்கில் ஒரே ஸ்பிரிங்தான், அது உங்களைவிடக் கனமானவருக்குத்தான் பொருந்தும். மேலே திருகும் குமிழ் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்குமே தவிர அதை மென்மையாக்காது. ஃபோர்க் காலில் ஒரு பிளாஸ்டிக் ஸிப் டையை (வயர் கட்டும் பட்டையை) கட்டி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு அது எவ்வளவு மேலேறியது என்று பாருங்கள். 52 கிலோவுக்கு 50 மி.மீ. அமுங்கினாலே அதிகம்.

ஹைட்ராலிக் பிரேக்கை வற்புறுத்திச் சொல்கிறேன். ஒரு விரலால் அழுத்த முடிகிற பிரேக், மழைநாளில் பெரம்பூர் சுரங்கப் பாலத்தை ஒட்டிய நெரிசலில் கையைக் காப்பாற்றும். கை சின்னதாக இருந்தால் லீவரில் உள்ள சின்ன ஆலன் திருகைத் திருப்பி அதை ஹேண்டிலுக்கு அருகே கொண்டுவரச் சொல்லுங்கள். பல கடைகளில் கேட்டால்தான் செய்வார்கள்.

கேள்வி: பழைய 26 இஞ்ச் ஹார்ட்டெயில் இருக்கிறது, 80 மி.மீ. ஃபோர்க். புது வண்டிக்குப் பணமில்லை. 140 மி.மீ. ஃபோர்க் மட்டும் போட்டால் மலைக்கு ஆகுமா? டயர் மாற்றவும் வேண்டும்.
(அம்பத்தூர் வாசகர்)

பதில்: 140 வேண்டாம். ஃப்ரேம் எந்த ஃபோர்க்குக்கு வடிவமைக்கப்பட்டதோ அதைவிட 20 மி.மீ. வரைதான் கூட்டலாம். ஒவ்வொரு 20 மி.மீ.க்கும் முன்பக்கக் கோணம் சுமார் ஒரு டிகிரி சாய்கிறது. 60 மி.மீ. கூட்டினால் ஏற்றத்தில் முன் சக்கரம் அலையும், நீளமான ஃபோர்க் நெம்புகோல் போல ஹெட் டியூப் வெல்டிங்கைப் பிளக்கும். அது இறக்கத்தில் நடந்தால் பல்லும் முகமும் போகும். நல்ல 100 மி.மீ. ஃபோர்க் கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் அகலமான டயரும் நல்ல பிரேக் பேடும் போதும்.

டயர் வாங்கும்போது '26' என்று மட்டும் கேட்காதீர்கள். மலைச் சைக்கிளின் 26-க்கு ரிம் விட்டம் 559 மி.மீ. சாதாரண சைக்கிளின் 26×1⅜-க்கு 590. இரண்டையும் கடையில் 26 என்றே சொல்வார்கள், ஒன்று மற்றொன்றில் உட்காராது. டயரின் பக்கவாட்டில் 54-559 என்பது போல அச்சிட்டிருக்கும், பின்னாலுள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். உங்களுடையது 559.

கேள்வி: பல்லாவரம், திரிசூலம் பக்கம் ஓட்டினால் வாரத்துக்கு இரண்டு பஞ்சர். டியூப் மாற்றிய மறுநாளே திரும்பப் போகிறது. என்ன வழி?
(குரோம்பேட்டை வாசகர்)

பதில்: மறுநாளே போகிறது என்றால் பழைய முள் டயரிலேயே இருக்கிறது. சீமைக் கருவேல முள் குத்தியதும் நுனி ரப்பருக்குள் முறிந்து நின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒரு புள்ளிகூடத் தெரியாது. கையால் தடவித் தேடினால் விரலில் ஏறும். பஞ்சு அல்லது பழைய பனியன் துணியை டயரின் உட்புறம் ஒரு முழுச் சுற்று இழுங்கள். நூல் மாட்டுகிற இடத்தில் முள் இருக்கிறது. டயரை அந்த இடத்தில் உள்ளிருந்து வெளியே மடக்கினால் நுனி எட்டிப் பார்க்கும். சின்ன இடுக்கியால் பிடுங்குங்கள். ஓட்டை ஒன்று என்று நிறுத்திவிடாமல் முழுச் சுற்றையும் பாருங்கள், நாலைந்து இருக்கும்.

நிரந்தர வழி டியூப்லெஸ். ரிம் அதற்கு ஏற்றதாக இல்லையென்றால் டியூபுக்குள்ளேயே சீலன்ட் ஊற்றலாம். வால்வு கோர் (வால்வின் உள் ஊசி) கழற்ற வருகிற டியூப் வாங்கி, சக்கரத்துக்கு 80 முதல் 100 மி.லி. விட்டு, சுற்றிவிடுங்கள். நம் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். கோரைக் கழற்றி ஒரு ஸிப் டையை உள்ளே விட்டு எடுத்தால் நனைந்து வருகிறதா என்று தெரியும். காய்ந்திருந்தால் திரும்ப 60 மி.லி. ஊற்றுங்கள். ஜல்லியில் டயரின் பக்கவாட்டு கிழிந்தால் சீலன்ட் அடைக்காது. அந்தக் குன்றுகளின் சார்னோகைட் பாறை உடைந்தால் விளிம்பு கத்தி போலிருக்கும். அங்கே போகிறவர்கள் பக்கவாட்டு தடித்த டயரே வாங்குங்கள். கிழிந்தால் உள்ளிருந்து கொடுக்க ஒரு பழைய டயர்த் துண்டைப் பையில் வைத்திருங்கள்.

கேள்வி: கொல்லிமலை இறக்கத்தில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் கீச்சிட்டு, பாதியில் பிடிப்பே குறைந்துவிட்டது. பேட் புதிது. எண்ணெய் மாற்ற வேண்டுமா?
(திருவான்மியூர் வாசகர்)

பதில்: 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கினால் எந்த பிரேக்கும் சூடேறும். மலைச் சைக்கிள் ஓட்டம் உருவான 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்ட்டியில் ஓர் இறக்கத்துக்கு 'ரீபேக்' என்றே பெயர் வந்தது. ஒருமுறை இறங்கினாலே பின் ஹப் பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துபோகும், திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயர். நேர்ப் பகுதியில் பிரேக்கை முழுவதும் விட்டு, வளைவுக்கு முன் இரண்டையும் அழுத்தமாகச் சில விநாடி பிடித்து, திரும்ப விடுங்கள். விடுகிற நேரத்தில்தான் டிஸ்க் ஆறும்.

கீச்சிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் செயினில் அடிக்கும் ஸ்பிரே டிஸ்க்கில் பட்டதுதான். சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பேடை எடுத்து, சமமான இடத்தில் உப்புத்தாள் வைத்து லேசாகத் தேயுங்கள். பேடின் முகம் எண்ணெய் குடித்துக் கறுத்துப் பளபளத்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. புது பேட் போட்டால் பழக்க வேண்டும்: சமதரையில் 20 கி.மீ. வேகத்துக்கு வந்து, சக்கரம் பூட்டாமல் நடை வேகத்துக்குக் குறையுங்கள், இருபது முறை, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக. நீங்கள் இதைச் செய்யாமல் நேராக மலைக்குப் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

டிஸ்க்கில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் மெட்டல் பேட் போடக் கூடாது, டிஸ்க் வேகமாகத் தேய்ந்துவிடும். ஷிமானோ கம்பெனி டிஸ்க்கின் தடிமன் புதிதில் 1.8 மி.மீ., 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் லீவர் ஹேண்டில் வரை வந்தால் குழாயில் காற்று இருக்கிறது, அப்போது பிளீட் செய்யுங்கள், அதாவது எண்ணெய் செலுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். ஷிமானோ, டெக்ட்ரோ கம்பெனி பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். பழைய ஸ்ராம் கம்பெனி பிரேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு டாட் (DOT) என்கிற பிரேக் திரவம். ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல்கள் ஊதி, லீவரையே தூக்கிப் போட வேண்டிவரும். பைக் மெக்கானிக்கிடம் கொடுத்தால் அவர் கையில் இருப்பது டாட் திரவமாகத்தான் இருக்கும், எனவே பாட்டிலை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.